கதவு திறந்தா மெசேஜ் வருது... திறக்கலைன்னா?

காலை 5.42 மணி. தலைமாட்டில் கிடந்த போன் 'டிங்' என்றது. 'பின் கதவு திறக்கப்பட்டது.'

நான் இருப்பது சென்னையில். கதவு இருப்பது 400 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில். அம்மா மாட்டைப் பார்க்கக் கிளம்பிட்டாங்கன்னு அர்த்தம். திரும்பிப் படுத்தால் இன்னும் ஒரு மணி நேரம் நிம்மதியான தூக்கம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு பிளாஸ்டிக் துண்டு இவ்வளவு நிம்மதி தருமான்னு முதல் வாரம் எனக்கே ஆச்சர்யம்.

மூணாவது வாரம் அதே பிளாஸ்டிக் துண்டு எங்க வீட்டை முன்னைவிட ஆபத்தான இடத்துல கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். இதை ஏன் வாங்கினேன்னு முதல்ல சொல்லிடுறேன்.

2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 3 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் 2025 ஏப்ரல் இறுதியில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே, தனியாக வசித்த முதிய தம்பதி. இரண்டுமே ஊரைவிட்டு ஒதுங்கிய, வயலுக்கு நடுவே இருந்த வீடுகள். சிவகிரியில் நடந்தது வெளியே தெரியவே சில நாட்கள் ஆனது. போனை எடுக்கவில்லையே என்று ஆள் போய்ப் பார்த்த பிறகுதான் தெரியவந்தது.

கொங்குப் பக்கத்துப் பிள்ளைகள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க. திருட்டு, கொலை எல்லாம் பயம்தான். ஆனா அந்த 'சில நாட்கள்'தான் உள்ளுக்குள்ள போய்க் குத்தின விஷயம். நாம இங்க ஆபீஸ், மெட்ரோ, இன்ஸ்டான்னு ஓடிக்கிட்டிருந்த நாட்கள் அவை. 'நேத்து போன் பண்ணல, நாளைக்குப் பண்ணிக்கலாம்'னு நாம எல்லாருமே விட்ட நாட்கள்தான்.

அதன் பிறகு போலீஸ் ரோந்தை அதிகப்படுத்தியது. தோட்டத்து வீடுகளில் சிசிடிவி வைக்கச் சொன்னார்கள். எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் கேமரா லிங்க்குகள் மழையாகப் பொழிந்தன. கேமரா என்றதும் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "வூட்டுக்குள்ளாற எவன் பாக்கறதுக்கு?" அப்படித்தான் இந்தக் கதவு சென்சாருக்கு வந்து சேர்ந்தேன். இது படம் எடுக்காது, பேச்சைப் பதிவு செய்யாது. கதவு திறந்திருக்கா, மூடியிருக்கா? அது மட்டும்தான் இதுக்குத் தெரியும்.

170 வருஷப் பழைய ஐடியா

'ஸ்மார்ட்' என்று பெயர் வைத்து விற்றாலும் இது புதுசு இல்லை. கதவைத் திறந்தால் மின்சுற்று மாறி மணி அடிக்கும் ஏற்பாட்டுக்கு, அமெரிக்காவின் அகஸ்டஸ் போப் என்பவர் 1853-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். இன்றைக்குப் பெரும்பாலான சென்சார்களுக்குள் இருக்கும் சுவிட்ச்சும் 1936-ல் பெல் லேப்ஸில் உருவானதுதான். சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் ரெண்டு மெல்லிய உலோகத் தகடு. பக்கத்தில் காந்தம் வந்தால் ஒட்டிக்கும், விலகினால் பிரிஞ்சுக்கும். கதவில் காந்தம், நிலையில் சென்சார். மேட்டர் ஓவர்.

நம்ம காலத்தில் சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான். மணி அந்த வீட்டில் அடிக்காமல், வேறு ஊரில் இருக்கும் நம் பாக்கெட்டில் அடிக்கிறது. போப் காலத்து மணி கேட்டால் அந்த வீட்டிலேயே இருப்பவர் எழுந்து பார்ப்பார். என் போனில் மணி அடித்தால் நான் எழுந்து என்ன செய்ய முடியும்?

வாங்கும்போது இது எனக்குத் தோணவே இல்லை. எனக்கு மட்டுமில்ல, பெட்டியின் மேல் படம் போட்டவர்களுக்கும் தோணவில்லை போல. அதில் ஒரு வெள்ளைக்கார அம்மணி சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரிக்கிறார். கூரியர்காரர் கதவைத் தட்டுகிறார். ஏதோ ஒரு நாட்டு ஃபிளாட்டுக்கான பொருள் அது.

நம்ம ஊர்க் கதவுக்கு இது தெரியாது

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது நானே மாட்டினேன். 'அஞ்சு நிமிஷ வேலை' என்று வீடியோவில் சொன்னதை நம்பி உட்கார்ந்தால் அரை நாள் போனது.

எங்கள் முன் கதவு தாத்தா காலத்துத் தேக்கு, இரட்டைக் கதவு. எந்தப் பக்கத்தில் காந்தத்தை ஒட்டுவது? எந்தக் கதவு முதலில் திறக்குமோ அதில்தான் ஒட்டணும். தாழ்ப்பாள் போட்டு நிரந்தரமாக நிற்கிற பக்கத்தில் ஒட்டினால் பிரயோஜனமே இல்லை. அடுத்தது இடைவெளி. பெரும்பாலான மாடல்களில் காந்தமும் சென்சாரும் 1 முதல் 2 சென்டிமீட்டருக்குள் இருக்கணும். நம்ம நிலைகளோ கதவைவிட முன்னால் துருத்திக்கிட்டு நிக்கும். ஒரு சின்ன மரத்துண்டை அடியில் வைத்து மட்டம் பார்த்த பிறகுதான் சரியாக வந்தது.

வெளியே இருக்கும் இரும்பு கிரில் கேட்டில் ஒட்டிப் பார்த்தேன். திறந்தாலும் மூடினாலும் 'மூடியிருக்கிறது' என்றே அடம்பிடித்தது. இரும்பு காந்தப்புலத்தையும் குழப்பும், சிக்னலையும் மறைக்கும். ஜன்னலுக்கு ஒன்று வாங்கியிருந்தேன், அது இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது. நம்ம ஊர் ஜன்னலில்தான் கம்பி இருக்கே? கம்பியை அறுக்கிறவன் ஜன்னல் கதவைத் திறந்து மூடி விளையாடப் போறதில்லை. ஓட்டைப் பிரித்து இறங்கினாலும் இதற்குத் தெரியாது.

பெரிய காமெடி முன் கதவில்தான். காலையில் திறந்தால் ராத்திரி 9 மணிக்குத்தான் எங்க வீட்டில் முன் கதவைச் சாத்துவாங்க. 'உங்கள் கதவு நீண்ட நேரமாகத் திறந்திருக்கிறது' என்று ஆப் மணிக்கணக்கில் கத்தியது. ஆமாய்யா, திறந்துதான் இருக்கும். பகலில் எங்க ஊர்ல கதவு சாத்தியிருந்தாத்தான் 'என்னாச்சு'ன்னு ஆள் வரும்!

அதனால முன் கதவிலிருந்து கழற்றி, பொடக்காளிக் கதவில் ஒட்டினேன். புழக்கடையைத்தான் எங்க பக்கம் பொடக்காளின்னு சொல்வோம். ஒற்றைக் கதவு, ஒழுங்கான நிலை. பழைய சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்துவிட்டு ஒட்டினால் டேப் நல்லா பிடிச்சது. ராத்திரி மூடியிருக்கும், விடிகாலையில் அம்மா கையால் திறக்கும். கன கச்சிதம்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டிருந்தார். கடைசியில் ஒரே கேள்வி. "அம்மிணி, இது கத்துச்சுன்னா நீ எத்தன மணி நேரத்துல இங்க வருவ?"

எட்டு மணி நேரம் என்று சொல்லவில்லை. சிரிச்சு மழுப்பினேன்.

மூணாவது வாரம்

எங்கள் வீட்டில் கழிவறை வெளியே, பொடக்காளியில் இருக்கிறது. ராத்திரி எழுந்தால் அந்தக் கதவைத் திறந்துதான் போகணும். ஆப் அதையெல்லாம் நிமிஷக் கணக்கோடு எழுதி வைத்திருந்தது. 11.50, 2.15, 4.05. ஒருநாள் காலையில் போன் போட்டு நான் ஆரம்பித்தேன். "அம்மா, ராத்திரி மூணு தடவ வெளிய போயிருக்க. சுகர் பாத்தியா, இல்லையா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏங்கண்ணு, நான் ஒண்ணுக்குப் போறதெல்லாமா அதுல வருது?"

நான் அக்கறையில் கேட்டேன். அதில் பொய் இல்லை. ஆனா அந்தக் கேள்வியைக் கேட்ட குரல், ஹாஸ்டல் வார்டன் குரல். நானே ஹாஸ்டலில் இருந்தவள், அந்தக் குரல் எனக்கு நல்லாவே தெரியும்.

ஒரு வாரம் கழித்துப் பழைய பதிவுகளைத் தள்ளிப் பார்த்தேன். முதல் நாள் இரவு 10.40-க்குத் திறந்த கதவு, மறுநாள் காலை 5.30 வரை மூடவே இல்லை. அதற்கு முந்தைய ராத்திரியும் அப்படியே. சென்சார் கெட்டுப்போச்சுன்னு நினைத்து போன் செய்தேன். கெடவில்லை. தாழ்ப்பாள் போடாமல், கதவை ஒருக்களிச்சு விட்டுட்டு அம்மா தூங்கியிருக்கிறார். திறந்தால்தானே மெசேஜ் போகும்? திறந்தே இருந்தா போகாதே!

"நீ தூக்கம் கெட்டு எந்திரிச்சுக்குவியேன்னுதான் கண்ணு..."

அதை நான் முழுசாக நம்பவில்லை. பாதி நிஜம். மீதிப் பாதி, மகள் கண்ணில் படாமல் பாத்ரூம் போகிற உரிமை. எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். தோட்டத்துக்கு நடுவில், ரெண்டு வயசானவங்க இருக்கிற வீட்டில், ராத்திரி முழுக்கப் பின் கதவு திறந்து கிடந்திருக்கு. பாதுகாப்புக்காக நான் வாங்கி மாட்டின பொருளால்.

கேமரா வேண்டாம் என்றவங்களுக்கு இது 'பிரைவசிக்கு ஆபத்தில்லாத' மாற்று என்றுதான் நானும் நினைத்தேன். படம் இல்லை, உண்மைதான். ஆனால் ஒரு கதவின் நேரக் குறிப்பு மட்டும் இருந்தாலே ஒருத்தர் எப்போ தூங்கினார், எத்தனை தடவை எழுந்தார், எப்போ வெளியே போனார், எவ்வளவு நேரத்தில் திரும்பினார் என்று கோலம் போட்டுவிடலாம். இதே மெசேஜ் ஒரு கணவன் போனுக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். '11.20-க்கு எங்க போன? ஏன் 40 நிமிஷம்?' 2018-லேயே நியூயார்க் டைம்ஸ் இதைப் பற்றி விரிவாக எழுதியது. ஸ்மார்ட் பூட்டு, விளக்கு, ஏசி கன்ட்ரோல் எல்லாம் வீட்டுக்குள் பெண்களைக் கட்டுப்படுத்தப் பயன்படுவதாக அந்தச் செய்தி சொன்னது. வீட்டில் இதை மாட்டுவதும் பாஸ்வேர்டு வைத்திருப்பதும் பெரும்பாலும் ஒரே ஆள்தான் என்பது அதில் முக்கியமான விஷயம். எங்க வீட்டில் அந்த ஆள் நான்.

சட்டம் ஏதாவது சொல்லுமா? 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. நிறுவனங்கள் அதன் முக்கியக் கடமைகளுக்குத் தயாராக 18 மாதம் அவகாசம். அம்மாவின் கதவுக் கணக்கை வைத்திருக்கும் ஆப் கம்பெனிக்கு அது பொருந்தும். ஆனால் தனிநபர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்குச் செய்வதை அந்தச் சட்டம் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. அதாவது, அம்மாவை நான் கண்காணிப்பது எனக்கும் அம்மாவுக்கும் நடுவிலான பஞ்சாயத்து. இணையத்தோடு இணையும் சிசிடிவி கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனை கட்டாயமானது. அந்தக் கட்டாயமும் கேமராவுக்குத்தான், இந்தக் குட்டிச் சென்சாருக்கு இல்லை.

கேள்வியைத் திருப்பிப் போட்டோம்

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மூணு பேரும் உட்கார்ந்து பேசினோம். முதல் முறையாக அம்மாவிடம் கேட்டேன்: "உனக்கு இது வேணுமா, வேண்டாமா?" இதை நான் தீபாவளிக்கே கேட்டிருக்கணும்.

"கழட்ட வேண்டாம். ஆனா ராத்திரியில எம்பட கணக்க எழுதாத" என்றார்.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. கதவு திறந்தது என்று எனக்குத் தெரிந்து ஆகப்போவது எதுவுமில்லை. தினமும் திறக்கிற கதவு அது. திறக்காமல் இருந்தால்தான் எனக்குத் தெரியணும். அம்மா வழுக்கி விழுந்தாலும், அப்பாவுக்கு நெஞ்சு வலித்தாலும், யாராவது உள்ளே புகுந்து எதுவும் செய்திருந்தாலும் மறுநாள் காலை அந்தக் கதவு வழக்கமான நேரத்தில் திறக்காது. சிவகிரிச் செய்தியில் எங்களை உலுக்கிய அந்த 'சில நாட்கள்', சில மணி நேரமாகச் சுருங்கும். குற்றத்தை இது தடுக்காது. அதை நான் இப்போ யாருக்கும் சொல்லி விற்க மாட்டேன். ஆனா விழுந்து கிடக்கிற ஒருத்தருக்கு மூணு நாளுக்கும் மூணு மணி நேரத்துக்கும் உயிர் அளவு வித்தியாசம்.

இந்த செட்டிங் பல ஆப்களில் நேரடியாக இருக்காது. கதவு திறந்தால் சொல்லு என்பது ஒரே தட்டில் வரும், திறக்காவிட்டால் சொல்லு என்பதற்குக் கொஞ்சம் குறுக்கு வழி தேவை. நான் செய்தது இதுதான். 'காலை 7.30-க்கு எனக்கு அலர்ட் அனுப்பு' என்று ஒரு ஆட்டோமேஷன். '4.30-லிருந்து 7.30-க்குள் பின் கதவு திறந்தால், அந்த அலர்ட்டை ஆஃப் செய்' என்று இரண்டாவது. 'ராத்திரி 12 மணிக்கு அதைத் திரும்ப ஆன் செய்' என்று மூன்றாவது. ஒரு ஆட்டோமேஷனை வைத்து இன்னொன்றை ஆன், ஆஃப் செய்ய விடும் ஆப்களில் இது வேலை செய்யும். வாங்கும் முன்பே உங்க ஆப்பில் அந்த வசதி இருக்கான்னு பார்த்துடுங்க. மற்ற எல்லா நோட்டிஃபிகேஷனையும் அணைத்துவிட்டேன். பதிவுகள் ஆப்புக்குள் சேரத்தான் செய்யும். அதைத் திறந்து பார்ப்பதில்லை என்பது அம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கு. அந்த வாக்குக்கு டெக்னாலஜி கேரண்டி எதுவும் இல்லை.

இப்படித் திருப்பிப் போட்டதில் எதிர்பாராத ஒரு லாபமும் இருக்கு. பழைய முறையில் சென்சார் பேட்டரி தீர்ந்தாலும், ஊர்ல கரன்ட் போய் ரூட்டர் அணைந்தாலும், என் போனில் எந்தச் சத்தமும் வராது. செத்துப்போன சென்சாரும், பத்திரமாக மூடிய கதவும் எனக்கு ஒரே மாதிரி அமைதியாகத்தான் தெரியும். நம்ம ஊர் பவர் கட்டுக்கு அது எவ்ளோ பெரிய ஓட்டை! இப்போ பேட்டரி போனாலும், நெட் போனாலும் 7.30-க்கு அலர்ட் வந்துவிடும், அந்த ஆட்டோமேஷன் கம்பெனி சர்வரில் ஓடுகிறவரை. பொய் அலாரம்தான், ஆனால் தப்பான நிம்மதியைவிட அது மேல். ரூட்டரை இன்வெர்ட்டர் லைனில் போட்ட பிறகு அதுவும் குறைந்தது.

சர்வர் என்று சொன்னதால் இதையும் சொல்லிடுறேன். இந்த ஆப்களின் மூளை நம் வீட்டில் இல்லை. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் திடீரென சர்வர்களை அணைத்தபோது, அதை நம்பி வீடு முழுக்கச் சாதனம் மாட்டியவர்கள் திகைத்து நின்றார்கள். பெல்கின் நிறுவனமும் தன் வீமோ சாதனங்கள் பலவற்றுக்கான ஆதரவை 2026 ஜனவரியோடு நிறுத்துவதாக அறிவித்தது. கம்பெனி மூடினாலும் வேலை செய்யணும் என்றால், வீட்டுக்குள்ளேயே ஒரு ஹப் வைத்து இயங்கும் வகையைப் பாருங்க. செலவு கூடும். நான் இன்னும் அதற்குப் போகவில்லை. இந்த மாசம் வண்டி டியூ முடியட்டும்.

போனிலும் ஒரு வேலை இருக்கு. ஆண்ட்ராய்டின் பேட்டரி சேவர் இந்த மாதிரி ஆப்களைச் சத்தமில்லாமல் தூங்க வைத்துவிடும். அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்க. 'டு நாட் டிஸ்டர்ப்' போட்டுத் தூங்குகிறவர்கள், இதற்கு விலக்குக் கொடுக்க மறக்காதீங்க.

யார் போய்ப் பார்ப்பது?

அப்பா கேட்ட கேள்வி இன்னும் அப்படியேதான் இருந்தது. மெசேஜ் வந்தால் எட்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் நான் என்ன செய்வேன்?

பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் பேசினோம். 7.30-க்கு எனக்கு மெசேஜ் வந்தால் முதலில் அம்மாவுக்கு போன், எடுக்கவில்லையென்றால் அப்பாவுக்கு, அவரும் எடுக்கவில்லையென்றால் அக்காவுக்கு. அக்கா தனியாகப் போகக் கூடாது, வீட்டு ஆம்பளை ஒருத்தரோடுதான் போகணும், தப்பாகத் தெரிந்தால் உள்ளே நுழையாமல் 112-க்கு அடிக்கணும் என்பதும் பேச்சு. உள்ளூர் ஸ்டேஷன் நம்பரும் என் போனில் இருக்கு. வெளியூரில் இருக்கும்போது 112-க்கு நான் அடித்தால் அழைப்பு நான் இருக்கும் பகுதிக்குத்தான் போகும். அதனால் ஊர் ஸ்டேஷனின் நேரடி எண் தனியாகத் தேவை. இதை நிறைய பேர் யோசிப்பதில்லை.

தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் 2021 அறிக்கைப்படி தமிழக மக்களில் 13.6 சதவிகிதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். பிள்ளைகள் கிளம்பிப் போன வீடுகள் கூடிக்கொண்டே இருக்கின்றன. அந்த வீடுகளுக்குச் சில நூறு ரூபாய் முதல் ஓரிரு ஆயிரம் வரை சென்சார் விற்க ஆள் வந்துவிட்டார்கள். அந்த அக்கா மாதிரி ஒருத்தர் மட்டும் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. எங்க பக்கத்துத் தோட்டமும் விலைக்கு வருவதாகப் பேச்சு இருக்கு. அக்கா குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டால் எங்க லிஸ்ட்டில் மூணாவது பெயர் காலி. அடுத்த வீடு முக்கால் கிலோமீட்டர்.

போன மாசம் ஒருநாள் 7.30-க்கு அலர்ட் வந்தது. கை நடுங்க அம்மாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அப்பா போன் சுவிட்ச் ஆஃப். அக்காவுக்கு அடித்தேன். ஆறு நிமிஷம் கழித்து அக்கா போனிலேயே அம்மா பேசினார். முந்தின நாள் மழையில் கதவு ஊறி இறுகிப்போய்த் திறக்கவில்லையாம். முன் கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு கட்டுத்தரைக்குப் போயிருக்கிறார். போன் வீட்டுக்குள்.

"அந்த ஆசாரிய வரச் சொல்லி கதவ இழைக்கோணும்" என்றவர், வைக்கப் போகும்போது கேட்டார். "ஏங்கண்ணு, நெசமாலுமே பயந்துட்டியா?"